இரண்டடித் தொட்டிக்கு எந்த மீன்? கப்பி, டெட்ரா, செர்ரி பார்ப்: ஓர் ஒப்பீடு

கலர் மீன் கடையில் போய் "சண்டை போடாத மீனா கொடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் கை காட்டும் தொட்டிகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கப்பி, மோலி, நியான் டெட்ரா, ஏஞ்சல், டைகர் பார்ப், ஒரு குட்டி ஷார்க், கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன ஒரு சக்கர். எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு வந்து ஒரே தொட்டியில் இறங்கும். சில மாதம் கழித்துப் பார்த்தால், மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஷார்க்கும் சக்கரும்தான்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த வயதில், அந்த அளவில் அவை எல்லாமே சாதுதான். ஒரு மீன் சாதுவாக இருக்குமா என்பதைப் பாதி அதன் இனம் தீர்மானிக்கிறது; மீதியைத் தண்ணீரும், கூட்டத்தின் எண்ணிக்கையும், தொட்டியின் நீளமும் தீர்மானிக்கின்றன. அதனால் பல இன மீன்களை ஒன்றாக வளர்க்கும் கம்யூனிட்டி டேங்க் வைக்க நினைப்பவர் "எது அழகு" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "என் வீட்டில் எது நிம்மதியாக இருக்கும்" என்று முதலில் பார்ப்பது நல்லது.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். சோப்பு நுரைக்காத போர் தண்ணீர் என்றால் கப்பி, பிளாட்டி வகை. மென்மையான ஆற்றுத் தண்ணீர் வரும் வீடு என்றால் கார்டினல் டெட்ரா. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு செர்ரி பார்ப், ஹனி கோரமி. நியான் டெட்ராவை மட்டும், மே மாதத்துச் சென்னையில் இருக்கும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் என்பதுதான் கீழே.

நான் மனதில் வைத்திருப்பது 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம் உள்ள இரண்டடித் தொட்டி. விளிம்புவரை நிரப்பினால் 70 லிட்டர் பிடிக்கும். அடியில் மணல், ஒன்றிரண்டு கல், மேலே கொஞ்சம் இடைவெளி என்று போனால் தண்ணீர் 55 லிட்டர்தான் தேறும். பெரும்பாலான வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் இடம் கிடைப்பது இந்த அளவுக்குத்தான். மூன்றடி வைக்க முடிந்தால் தாராளமாக வையுங்கள். தண்ணீர் கூடக்கூட வேலை குறையும்.

மீனை நம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம். குழாயை அப்படித் தேர்ந்தெடுக்க முடியாது, அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்து ஆரம்பிப்போம். வாளியின் உள்பக்கத்திலும் குழாய் முனையிலும் வெள்ளையாக உப்புப் படிகிறதா, துணி துவைத்தால் நுரை வர மறுக்கிறதா? கடின நீர். கையில் தேய்த்த சோப்பு வழுவழுப்பு லேசில் போகவில்லையா? மென்நீர். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கடையில் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் ஜிஎச் சோதனைக் கிட் கிடைக்கும். ஜிஎச் டிகிரிக் கணக்கில் அளவு 8-க்குக் கீழே இருந்தால் மென்மை, 8 முதல் 15 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடினம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்து எண்ணுகிறது. கடலோரப் போர் தண்ணீரில் டிடிஎஸ் ஏறி நிற்பதற்குச் சோடியம் உப்பே காரணமாக இருக்கலாம். அது கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை ஆகாது.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரருக்கு இந்தக் கவலையே கிடையாது. சென்னையில் ஒரே வீட்டுக்குள் போர், லாரி, மெட்ரோ என்று மூன்று தண்ணீர் வரும். மெட்ரோவும் ஏரியிலிருந்து வருகிறதா, நெம்மேலி போன்ற, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்து மாறும். தொட்டிக்கு எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறீர்களோ, அதையே சோதியுங்கள்.

முதல் தேர்வு, குட்டி போடும் மீன்கள்: கப்பி, பிளாட்டி, மோலி, ஸ்வோர்டுடெயில். இவற்றின் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடக்கு முனை ஆகிய பகுதிகள். டிரினிடாடில் இருந்து இந்த மீனை அனுப்பிவைத்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவரின் பெயர்தான் 1866-இல் கப்பிக்கு வந்து ஒட்டிக்கொண்டது. கடின நீரும் காரத்தன்மையும் இவற்றுக்குப் பிடிக்கும். நம் ஊரில் கொசு ஒழிப்புக்காகக் குளம், கிணறு, கால்வாய் எல்லாவற்றிலும் கப்பியை விட்டார்கள். இன்று சாக்கடையோரம் எட்டிப் பார்த்தால்கூடச் சாம்பல் நிறத்தில் நூற்றுக்கணக்கில் நெளியும். அந்த வெயிலையும் அந்த நாற்றத்தையும் தாங்கும் மீனுக்கு நம் வரவேற்பறை சொர்க்கம்.

ஆனால் கடையில் விசிறி வாலோடு வாங்கும் கப்பிக்கு அந்த உரம் கிடையாது. நிறத்துக்காகவும் வாலுக்காகவும் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை அவை. வால் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பூஞ்சை என்று எடுத்துக்கொள்ளலாம். சாதாரண வால் உள்ள, உள்ளூரில் வளர்ந்த கப்பி அதிக நாள் இருக்கும். சென்னை கொளத்தூரில் தெருத் தெருவாக இருக்கும் கடைகளில் "இது இங்க வளர்த்ததா, வெளியிலிருந்து வந்ததா" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான், விலை அப்புறம்.

இந்த வகையில் பெரிய தலைவலி எண்ணிக்கை. பெண் கப்பி ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஒரு முறை ஆணோடு சேர்ந்துவிட்டால் விந்தணுவை உடலில் சேமித்து வைத்து, பிறகு ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் ஈனும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது முதலில் கொண்டாட்டம்தான். ஆறு மாதத்தில் 55 லிட்டரில் எண்பது மீன் இருக்கும்போது தெரியும். அதிகமாகிவிட்டது என்று ஏரியில் கொண்டுபோய் விடுவது கூடவே கூடாது. வெளியூர் மீன் உள்ளூர் மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். எளிய வழி, ஆண் கப்பிகளை மட்டும் எட்டுப் பத்து வாங்குவது. நிறமெல்லாம் ஆணிடம்தான் இருக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்த்தே வேண்டுமென்றால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வையுங்கள். இல்லாவிட்டால் இருக்கிற ஒரு பெண்ணை எல்லா ஆணும் விரட்டியே கொன்றுவிடும். "சாது மீன்" பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் மீனின் கதை இது.

பிளாட்டி இன்னும் அடக்கம், உருண்டு திரண்டு இருக்கும், ஓரமாக மேய்ந்துகொண்டே இருக்கும். மோலிக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் செயில்ஃபின் மோலி நாலு அங்குலத்தைத் தாண்டும், அது மூன்றடித் தொட்டி மீன். மோலி வாங்கினால் "கல் உப்பு போடுங்க" என்பார்கள். போர் தண்ணீரே கடினமாக இருக்கும் வீட்டில் தினசரி உப்புக்குத் தேவை இல்லை. தரையில் மேயும் கோரிடோரஸ் மாதிரி உப்பு ஒத்துக்கொள்ளாத மீன் கூட இருந்தால் போடவே வேண்டாம். ஸ்வோர்டுடெயில் குதிக்கும். மூடி இல்லாத தொட்டி என்றால் காலையில் தரையில் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது தேர்வு டெட்ரா. மீன் தொட்டி என்றதும் பலருக்கு மனதில் தோன்றுவதே பச்சைச் செடிகளுக்கு நடுவில் நீலமும் சிவப்புமாக மின்னும் அந்தக் கூட்டம்தான். அதில் இரண்டு மீன்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நியான் டெட்ராவுக்குச் சிவப்புப் பட்டை வயிற்றின் நடுவில் தொடங்கி வாலுக்குப் போகும். கார்டினலுக்குத் தலையிலிருந்தே ஓடும். பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம், வெயில் காலத்தில் பெரிய வித்தியாசம். நியான் மேல் அமேசானின் நிழலான ஓடைகளைச் சேர்ந்தது. 20 முதல் 26 டிகிரி அதற்குச் சுகம். கார்டினல் பிரேசிலில் ரியோ நீக்ரோ ஆற்றின் சூடான, தேநீர் நிறத் தண்ணீரில் வாழ்வது. 28, 29 டிகிரியிலும் தெம்பாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அங்கே நியான் வைத்தால் முதலில் நிறம் மங்கும், அப்புறம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். நியானுக்கென்றே பெயர் பெற்ற ஒரு நோயும் உண்டு. தசைக்குள் வளரும் நுண்ணிய ஒட்டுண்ணி அது. உடலில் வெளிறிய திட்டு விழுந்து, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நீந்தும் மீன் இருந்தால் உடனே பிரித்துவிட வேண்டும். அதற்கு நம்பகமான மருந்து இல்லை.

விலையில் கார்டினல் கூடுதல்தான். ஆனாலும் டெட்ரா ஆசை விடாது என்றால் காசு கொடுத்து அதையே வாங்குங்கள். பத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். ஐந்து டெட்ரா வாங்கினால் ஐந்தும் செடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு இருந்தால்தான் வெளியே வந்து கூட்டமாகத் திரும்பும் அந்தக் காட்சி கிடைக்கும். கடின நீர் வீட்டில் கார்டினல் வேண்டுமென்றால் ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் 14 லிட்டர். அதில் 7 லிட்டர் ஆர்ஓ. முடியாத வேலை இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும், வருடம் முழுக்க. அந்தப் பொறுமை இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவது மட்டும் தவறு. அதில் மீனுக்கு வேண்டிய தாது இல்லை, பிஎச் நிலையாகவும் நிற்காது.

டெட்ரா என்ற பெயர் இருந்தாலே சாது என்று நினைக்க வேண்டாம். செர்பே டெட்ரா வாலைக் கடிக்கும். கறுப்புப் பாவாடை கட்டியது போல் இருக்கும் விடோ டெட்ராவும் அவ்வப்போது கடிக்கும். கப்பியோடு இவற்றைச் சேர்த்தால் கப்பிக்கு வால் மிஞ்சாது. விடோ டெட்ராவையே வெளிர் நிறத்தில் வளர்த்து, பிங்க், ஊதா என்று சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். சாயம் சில மாதத்தில் வெளுக்கும். ஊசியும் ரசாயனமும் பட்ட மீன் அதுவரை உயிரோடு இருந்தாலே அதிசயம். வாங்காமல் இருந்தால்தான் இந்த வியாபாரம் நிற்கும்.

மூன்றாவது தேர்வை யாரும் கேட்டு வாங்குவதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்: நம் பக்கத்து மீன்கள்.

செர்ரி பார்ப் இலங்கையின் தென்மேற்கில், களனி முதல் நில்வளை வரையுள்ள ஆற்றுப் பகுதிகளின் நிழலான ஓடைகளில் மட்டும் வாழும் மீன். 1929-இல் தெரணியகல அதை விவரித்துப் பெயரிட்டார். காட்டில் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்தாலும் கடைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தவை. ஐந்து சென்டிமீட்டர் தாண்டாது. தண்ணீர் விஷயத்தில் பிடிவாதம் இல்லை. மென்மையிலும் இருக்கும், நடுத்தரத்திலும் இருக்கும். டைகர் பார்ப்புக்கு உறவாக இருந்தும் அந்தக் குறும்பு இதனிடம் கிடையாது. பிறகு ஏன் யாரும் வாங்குவதில்லை? கடைத் தொட்டியின் வெளிச்சத்திலும் நெரிசலிலும் அது வெளிறிப்போய், பழுப்புக் கோடு போட்ட ஏதோ ஒரு குஞ்சு மீன் போல இருக்கும். வீட்டில் செடியும் நிழலும் கொடுத்துச் சில வாரம் விட்டால் ஆண் மீன் மிளகாய்ப்பழச் சிவப்புக்கு வரும். மூன்று ஆண், ஐந்து பெண் என்று எட்டு போதும். ஆண்கள் ஒன்றையொன்று துடுப்பை விரித்து மிரட்டிக்கொள்ளும், காயம் வராது.

அதற்கு நல்ல ஜோடி ஹனி கோரமி. வடகிழக்கு இந்தியாவும் வங்கதேசமும் அதன் ஊர். பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில் இதையும் ஜீப்ரா டேனியோவையும் முதன்முதலாக விவரித்தார். கோரமிகளுக்கு செவுளோடு கூட, மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. கரண்ட் போய் ஃபில்டர் நின்றுவிட்ட மத்தியான வேளையில் கடைசிவரை தாக்குப் பிடிப்பது இதுதான். ஆனால் கடையில் பெயரைச் சரியாகக் கேட்டு வாங்க வேண்டும். சிவப்பும் நீலமும் கோடு போட்ட ட்வார்ஃப் கோரமியைக் காட்டுவார்கள். அழகில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் இரண்டு ஆண் இருந்தால் ஒன்று மற்றதைத் துரத்தும், பண்ணை மீன்களிடையே தீர்க்க முடியாத ஒரு வைரஸும் சுற்றுகிறது. கோல்டன் கோரமி, புளூ கோரமி என்பவை வளர்ந்தால் கையளவு, குணமும் முரடு.

ஜீப்ரா டேனியோ உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் மீன். 2013-இல் அதன் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியானது. சாகடிப்பதே கஷ்டம் என்று சொல்லும் அளவுக்கு உரம். குறை என்னவென்றால் நிற்கவே நிற்காது. இரண்டடித் தொட்டியில் அது ஓடும் ஓட்டத்தில் பக்கத்தில் இருக்கும் கோரமி பயந்து மூலையில் ஒதுங்கும். டேனியோ வேண்டுமென்றால் டேனியோ மட்டும், அல்லது நீளமான தொட்டி.

மிஸ் கேரளா என்று விற்கும் டெனிசன் பார்ப் பற்றிக் கேட்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன் அது. மதராஸ் கவர்னராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரை பிரான்சிஸ் டே 1865-இல் அதற்கு வைத்தார். அரையடி வரை வளரும், கூட்டமாக இருக்க வேண்டும், குளிர்ந்த ஓடும் தண்ணீர் வேண்டும். காட்டில் அருகிவரும் இனம் என்று சர்வதேசப் பட்டியலிலும் இருக்கிறது. இரண்டடித் தொட்டிக்காரர் அதை விட்டுவிடலாம். நம் வயல் வாய்க்காலிலேயே கிடைக்கும் ஒரு சின்ன மீனைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றின் பெயரைத் தன் அறிவியல் பெயரில் சுமக்கும் கூப்பானஸ் என்ற சின்னஞ்சிறு பாரடைஸ் மீன். சாதுவானது, காற்றைச் சுவாசிப்பது, நம் வெயிலிலேயே பிறந்தது. கடைகளில் அதைத் தேடிப் பயனில்லை.

தரையில் மேய்வதற்கு ஆறு கோரிடோரஸ் அல்லது ஆறு கூலி லோச், இரண்டில் ஒன்று. வெயில் ஊர் என்றால் கோரிடோரஸில் ஸ்டெர்பாய் வகை. மற்ற பலவற்றுக்கு நம் ஊர்ச் சூடு அதிகம். அடியில் மென்மணல் போடுங்கள், கூர்மையான கல் அதன் மீசையைத் தேய்த்துவிடும். "கழிவைத் தின்னும் மீன்" என்று எதுவுமே கிடையாது, இவற்றுக்கும் தனியாக உணவு போட வேண்டும்.

இனி, சாது என்ற பெயரில் வரும் ஆட்கள். ஷார்க் என்று தரும் வெள்ளி மீன் உண்மையில் உணவுக்காகப் பண்ணைகளில் வளர்க்கும் கெளுத்தி வகை, ஒரு மீட்டரைத் தாண்டும். சக்கர் ஒன்றரை அடி. ஏஞ்சல் அழகுதான், ஆனால் வளர்ந்ததும் வாயில் அடங்கும் டெட்ராவை விழுங்கிவிடும். டைகர் பார்ப் மூன்று இருந்தால் ஊர்ச் சண்டை. பத்து இருந்தால் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும், மற்றவர்களைக் கொஞ்சம் விட்டுவைக்கும். கோல்டுஃபிஷ் யாரையும் கடிக்காது, போடும் கழிவிலேயே மற்றவற்றைச் சாகடித்துவிடும்.

எந்தத் தேர்வானாலும் நம் ஊரில் இரண்டு விஷயம் பொதுவாக உதைக்கும். ஒன்று அமோனியா. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியா நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பிஎச் 7, 25 டிகிரி என்றால் மொத்த அமோனியாவில் விஷ வடிவில் இருப்பது 200-இல் ஒரு பங்குதான். பிஎச் 8, 30 டிகிரி என்றால் 100-க்கு 7 பங்கைத் தாண்டும். அதாவது போர் தண்ணீரும் வெயிலும் சேர்ந்தால், அதே அழுக்கு பத்து மடங்குக்கு மேல் கொல்லும். வெளிநாட்டு யூடியூப் பார்த்து "ஒரே வாரத்தில் மீன் விடலாம்" என்று நம்பியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வது இதனால்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஸ்பாஞ்சை நண்பரிடமிருந்து வாங்கி உங்கள் ஃபில்டரில் வைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். அந்த ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவ வேண்டாம், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

இன்னொன்று ஆக்சிஜன். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். கோடையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் பசி என்று நினைத்து உணவு போட்டுவிடாதீர்கள். ஏர் பம்ப்பைக் கூட்டுங்கள், மேல்பரப்பில் சின்ன ஃபேன் காற்று படும்படி வையுங்கள். ஆவியாகும்போது தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்படிக் குறையும் தண்ணீரை மட்டும் ஆர்ஓ நீரால் நிரப்புங்கள். உப்பு ஆவியாகாது; போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். ஹீட்டர் ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு. சமவெளியில் அந்தக் காசுக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வாங்கலாம்.

எண்ணிக்கையை முடிவு செய்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்க வேண்டாம். செர்ரி பார்ப் கூட்டம் முதலில், இரண்டு வாரம் கழித்துத் தரை மீன், அதற்கும் இரண்டு வாரம் கழித்துக் கோரமி. முதலில் வந்த கோரமி முழுத் தொட்டியையும் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்ளும். கடைசியில் வந்தால் கிடைத்த மூலையில் ஒண்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் புது மீனை இரண்டு வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள், கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல்.